காவிரி நாட்டிற் சுவார்ட்ஸ் ஐயர்

தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தை அண்ணாந்து நோக்கித் திரும்புவோர் பல்லாயிரவர். அக்கோயிலினின்று வடக்கே சிறிது நடந்து, சிவகங்கைக் குளத்தின் பக்கலில் ஒதுங்கி நிற்கும் கிறிஸ்து நாதர் ஆலயத்துள் நுழைவோரோ மிகச் சிலர். சென்ற தை மாதக் கடைசியில், தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர் எழுவராகிய யாம், காவிரி நாட்டின் பழைய ஆலயங்களைக் கண்டுவரப் புறப்பட்டோம். தரங்கம்பாடியிற் றொடங்கி, மயிலாடுதுறை, கும்பகோணம் வழியாகத் தஞ்சை சேர்ந்து, திருச்சிராப்பள்ளியில் முடிப்பது எம் எண்ணம். அவ்வழியெங்கும் ஒருவர் பெயரே எம்மைப் பின்தொடர்ந்தது. அவர்தாம் கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் ஐயர்.

சிவகங்கைக் கரை ஆலயத்துள்ளே வெண்சலவைக் கல்லிற் செதுக்கிய சிற்பம் ஒன்றுளது. அதனைச் செய்தவர் இங்கிலாந்தின் பெயர்பெற்ற சிற்பியாகிய ஜான் பிளாக்ஸ்மன். செய்வித்தவர் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி. மரணப் படுக்கையில் முதியவர் ஒருவர் சாய்ந்து கிடக்கின்றார். அரசர் அவர் கையைப் பற்றி நிற்கின்றார். அருகே மற்றொரு குருவும், பள்ளிச் சிறுவர் சிலரும் உளர். சைவ மரபில் வாழ்ந்து அம்மரபிலேயே மறைந்த ஓர் அரசர், அயல்நாட்டுக் கிறிஸ்தவ குருவொருவருக்குக் கிறிஸ்தவ ஆலயத்தினுள் நினைவுக்கல் நாட்டுவானேன்? இவ்வினா எம்முள் எழுந்தது. அதற்கு விடை தேடியதே இக்கட்டுரை.

ஐயர் 1726ஆம் ஆண்டிற் பிரஷ்ய தேசத்துச் சோனன்பர்க் என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவ்வூர் இக்காலத்திற் போலந்து நாட்டைச் சேர்ந்துளது. அவர் மழலைப் பருவத்திலேயே அன்னையை இழந்தார். அவ்வம்மையார் இறக்குந் தறுவாயில், இம்மகனை ஆண்டவர் பணிக்கென ஒப்புவித்திருப்பதாகக் கணவரிடமும் குருவிடமும் சொல்லிக் கண்மூடினாராம். ஹாலே நகரத்துப் பல்கலைக்கழகத்திற் பயின்றபொழுது, இந்தியாவினின்றும் திரும்பியிருந்த பெஞ்சமின் சூல்ட்ஸ் என்னும் முதிய மிஷனெரியார் தமிழ் வேதப் புத்தகத்தை அச்சிட விரும்பி, அதற்குத் துணையாகத் தமிழ் கற்குமாறு இவரை ஏவினார். அச்சு வேலை நிறைவேறவில்லை. கற்ற தமிழ் நின்றது. ஒரு புத்தகம் வெளிவராமற் போனதனால் ஒரு நாட்டுக்கு நன்மை விளைந்தது என்று சொல்வதற்கு இதனினும் பொருத்தமான சான்று எமக்குத் தோன்றவில்லை.

1749இல் டென்மார்க்குத் தலைநகராகிய கோபன்ஹேகனிற் குருப்பட்டம் பெற்று, மறு ஆண்டு கப்பலேறி, 1750 ஜூலையில் அவர் தரங்கம்பாடியை அடைந்தார். அத்துறைமுகம் அக்காலத்தில் டென்மார்க்கு அரசர்க்கு உரியது. சீகன்பால்கு ஐயர் 1706இல் வந்திறங்கியதும், 1718இற் புதிய எருசலேம் ஆலயத்தை எழுப்பியதும், அடுத்த ஆண்டே அதனுள் அடக்கம் பெற்றதும் அன்பர்கள் அறிந்தவையே. யாம் அவ்வாலயத்துட் புகுந்து அவர் கல்லறையருகே நின்றபோது கடலின் ஓசை கேட்டுக்கொண்டேயிருந்தது. வந்த நான்கு மாதங்களுக்குள் சுவார்ட்ஸ் ஐயர் தம் முதல் தமிழ்ப் பிரசங்கத்தை அவ்வாலயத்திலேதான் செய்தார். எம் தோழருள் ஒருவர் தமிழை ஐந்தாண்டாகச் சிறப்பாகப் பயில்பவர். ஆயினும் அவையேறி ஐந்து நிமிடம் பேசச் சொன்னால் நா வறள்பவர். இச்செய்தி கேட்ட மாத்திரத்தில் அவர் தூணோடு தூணாய் ஒதுங்கியதை ஈண்டுக் குறியாது விடுதல் இயலவில்லை.

ஐயர் பேசக் கற்றதோடு அமையவில்லை. இந்நாட்டு மக்கள் எவற்றைப் போற்றுகின்றனர், எவற்றை அஞ்சுகின்றனர் என்றறியப் புராணங்களையும் கதைகளையும் பயின்றார். பின்னர்த் திருச்சிராப்பள்ளி சென்றபொழுது, ஆர்க்காட்டு நவாபின் சுற்றத்தாரோடு உரையாடப் பாரசீகமும், முஸ்லிம் மக்கள்பொருட்டு இந்துஸ்தானியும், தஞ்சை அரண்மனை பொருட்டு மராத்தியும் கற்றுக்கொண்டார். இவையன்றி ஆங்கிலமும் போர்த்துக்கீசும் அவர்க்கு வரும். மொழியறிவைச் செருக்கிற்கு உரியதாகக் கொள்ளாமல், எதிரில் நிற்பவன் இடர்ப்படாதிருக்கத் தாம் இடர்ப்பட்டுக் கற்றவர் அவர்.

திருச்சிராப்பள்ளியில் அவர் வாழ்ந்த வாழ்க்கையை நேரிற்கண்ட ஆங்கிலேயர் ஒருவர் எழுதிவைத்துளர். பழைய கட்டிடம் ஒன்றில் ஒரே அறை. கட்டில் இட்டபின் இருவர் நிற்கவே இடம். உணவு, சோறும் கறிகாயும். உடை, கறுப்புச் சாயம் தோய்த்த முரட்டுப் பருத்தி. பட்டாளத்தார்க்கும் அவர் குருவாக இருந்தமையால் அரசாங்கத்தார் ஆண்டொன்றுக்கு நூறு பவுன் அளித்தனர். அதிற் பெரும்பங்கு பள்ளிக்கும் ஏழைகட்கும் போயிற்று. அவர் மணஞ் செய்துகொள்ளவில்லை. தெப்பக்குளத்திற்கு அருகில் அவர் முயற்சியால் எழுந்த ஆலயம் 1766ஆம் ஆண்டு மே மாதத்திற் பிரதிஷ்டை செய்யப்பட்டது. கடைத்தெரு இரைச்சலுக்கு இடையே அது இன்றும் வழிபாட்டில் உளது. யாம் சென்ற வேளை உச்சிப்போது; உள்ளே இருந்த குளிர்ச்சிக்காகவே இன்னும் ஒரு நாழிகை இருந்திருப்போம்.

நிற்க. தஞ்சை மன்னர் துளஜாவை ஐயர் கண்டது 1769இல். மன்னர் தூண்களினின்று தொங்கவிட்ட ஊஞ்சலில் வீற்றிருந்தார். எதிரே ஐயர்க்கு ஆசனம் இடப்பட்டது. அரண்மனை மொழிபெயர்ப்பாளர் பாரசீகத்தில் வினாவ, ஐயரும் அம்மொழியிலேயே விடை பகர்ந்தார். தாம் சொல்வது முழுவதும் மன்னர் செவிக்குப் போய்ச் சேரவில்லை என்பதைச் சிறிது நேரத்தில் உணர்ந்துகொண்ட ஐயர், தமிழிற் பேச விடை கேட்டார். இடையில் நின்றவர் விலக, இருவரும் நேரே பேசினர். அன்று தொட்ட நட்பு மன்னர் இறக்கும்வரை அறவில்லை. மன்னர் சமயம் மாறினாரல்லர். ஐயரும் அதன்பொருட்டு நட்பைக் கைவிட்டாரல்லர்.

அந்நாள் தஞ்சைக்குப் பொல்லாத நாள். 1773இல் ஆர்க்காட்டு நவாபு கும்பினிப் பட்டாளத்தின் துணைகொண்டு கோட்டையைப் பிடித்து மன்னரைச் சிறையிட்டான். கும்பினியின் இங்கிலாந்துத் தலைவர்கள் அச்செயலை ஒப்பாமையால், 1776இல் மன்னர்க்கு அரசு திரும்பியது. ஆனால் அரசோடு கும்பினிப் பட்டாளமும் கோட்டைக்குள் வந்து தங்கிற்று. அதன் செலவு நாட்டின் தலைமேல் விழுந்தது. ஐயர் 1778இல் தஞ்சையிற் குடியேறினார். சிவகங்கைக் கரையில் யாம் கண்ட ஆலயம் அப்பட்டாளத்தார்க்கென 1779இற் கட்டப்பட்டது. தமிழ்ச் சபையார்க்கு வேறோர் ஆலயம் கோட்டைக்கு வெளியே எழுந்தது.

அந்த 1779ஆம் ஆண்டிலேயே அவர்க்கு எதிர்பாராத அழைப்பொன்று வந்தது. சென்னைக் கவர்னர் ரம்போல்டு, ஐதர் அலியிடம் தூது செல்லுமாறு ஐயரை வேண்டினார். கும்பினியார் அவ்வாண்டு மாஹியைக் கைப்பற்றியிருந்தனர், ஐதர் சினந்திருந்தான். அவன் கருத்தை அறிந்துவரவும், சமாதானத்தில் விருப்பமுண்டென்று அறிவிக்கவும் நம்பத்தக்க ஒருவர் வேண்டும். ஐயர் தயங்கினார். இரத்தஞ் சிந்தாமற் றடுக்க வழியுண்டாயின் மறுத்தல் தகாதென்று கருதி இறுதியில் இசைந்தார். சீரங்கப்பட்டணத்தில் ஐதர் அவரைத் தன் பக்கத்தில் இருத்தி மதிப்போடு உரையாடினான். வழிச்செலவுக்கென முந்நூறு ரூபாய் அளித்தான். மறுத்தல் அவமதிப்பாகும் என்றறிந்து ஐயர் பெற்றுக்கொண்டு, சென்னைக்கு வந்ததும் அரசாங்கத்தாரிடம் வைத்தார். அவர்கள் கொள்ளாமையால் அத்தொகையைத் தஞ்சையில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கு முதலாக்கினார்.

தூது பலிக்கவில்லை. மறு ஆண்டே, 1780இல், ஐதரின் படை கர்நாடகத்தின்மீது பாய்ந்தது. இவ்விடத்தில் யாம் எழுவரும் ஒத்த கருத்தினரல்லேம். சமயத்தொண்டர் அரசியற் றூது சென்றது பிழையென்றனர் சிலர். போரைத் தடுக்க முயலாதிருந்திருந்தால் அதுவன்றோ பிழை என்றனர் மற்றையோர். எம் துணிபு இது: ஐயர் மெய்யாகவே சமாதானத்தை விரும்பிச் சென்றார், அனுப்பியவர்கள் அவர் மெய்மையைக் கருவியாகக் கொண்டனர். கறைபடாத பெயர் ஒன்று தம்மிடம் இல்லாதவர், பிறர் பெயரை இரவல் வாங்குவது உலகியற்கை. பின்னொரு முறை, ஐதர் இறந்தபின், திப்புவிடம் செல்லுமாறும் அவரையே வேண்டினர். அம்முறை வழியிலேயே தடுத்து நிறுத்தப்பட்டு அவர் வறிதே மீண்டார். ஆனால் போர் நடந்த காலத்தும் தன் படைஞர் ஐயரைத் தடுக்கலாகாது என்று ஐதர் ஆணையிட்டிருந்தான். அவ்வாணையின் துணையால், பிறர் எவரும் போகவொண்ணாத வழிகளில் அவர் போய்வந்தார்.

1781இல் ஐதரின் குதிரைப்படை தஞ்சை நாட்டைச் சூறையாடியது. காவிரி நாட்டின் செல்வம் வயலன்று, நீர். நீர் வருவது கரையாலும் மதகாலும். கரை உடைந்து, மதகு சிதைந்து, உழுமாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டு, ஊரார் காடுகளிலும் அயல்நாட்டிலும் ஒளிந்தபின், வெண்ணாறும் வடவாறும் எத்துணை நீரோடு ஓடினும் என் பயன்? கோட்டைக்குள் பஞ்சம் புகுந்தது. தெருக்களிற் பிணங்கள் கிடந்தன. ஐயர் விலை தாழ்ந்திருந்த காலத்தே ஏழைகளுக்கென நெல் வாங்கிச் சேமித்திருந்தார். அதனை இயன்ற மட்டும் பகிர்ந்தளித்தார். பட்டாளத்திற்கோ உணவில்லை. நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது, ஏற்றிவர மாடில்லை. மாடு வைத்திருந்தோர் வரமாட்டோம் என்றனர். காரணம் வெளிப்படை: முன்னே வாங்கிய தானியத்திற்கும் உழைப்பிற்கும் அரசர் பக்கத்தாரும் பணந் தரவில்லை, ஆங்கிலேயரும் தரவில்லை.

மன்னர் ஐயரை அழைத்தார். தம்மை நம்பார், கும்பினியையும் நம்பார். ஐயரை நம்புவர் என்று மன்னரே கூறித் தம் பெயரால் விலை பேச அவர்க்கு அதிகாரம் அளித்தார். ஓர் அரசர் தம் வாயால் இப்படிச் சொல்ல நேர்ந்ததை எண்ணிப் பார்க்குமாறு அன்பர்களை வேண்டுகின்றோம். ஐயர் நாட்டார்க்கு எழுதினார். ஒவ்வொருவர்க்கும் தம் கையாலேயே பணம் எண்ணிக் கொடுப்பதாக உறுதி கூறினார். இரண்டு நாளைக்குள் ஆயிரம் மாடுகள் வந்து சேர்ந்தன. கோட்டைக்குள் எண்பதினாயிரம் கலம் நெல் ஏறிற்று. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம், இரண்டு கலம் ஒரு மூட்டை என்று எம்மூர்க் கணக்கில் வைத்துப் பார்த்தோம். நாற்பதினாயிரம் மூட்டை ஆகின்றது. ஆயிரம் மாடுகள் ஒரே நடையிற் சுமந்திருக்க வழியில்லை. பகைவர் திரியும் வெளியில் திரும்பத் திரும்பப் போய்வந்திருத்தல் வேண்டும். ஐயர் சொன்னபடியே கணக்குத் தீர்த்தார். கோட்டை பிழைத்தது.

போர் ஓய்ந்தபின்னும் நாடு தேறவில்லை. துளஜா மன்னரின் இறுதிக் காலத்தில், வரிக்கொடுமை பொறாத குடிகள் திரள்திரளாக ஊரை விட்டு வெளியேறினர். ஆனியில் விதைக்க வேண்டிய நிலம் புரட்டாசி நெருங்கியும் உழுவாரின்றிக் கிடந்தது. அழைத்தும் அவர் வரவில்லை. மீண்டும் ஐயரிடம் வந்தனர். அவர் ஆள் விடுத்து, நீதி செய்யப்படும் என்று தாம் பொறுப்பேற்பதாக அறிவித்தார். ஒரே நாளில் ஏழாயிரம் பேர் திரும்பினர், மற்றையோரும் பின்பற்றினர். பருவம் தப்பியமையால் இரவு பகல் பாராது உழைக்கவேண்டுமென ஐயர் அவர்களைக் கேட்டுக்கொள்ள, அவர்பொருட்டு அவ்வாறே செய்வதாக ஒப்பினர். அவ்வாண்டு விளைச்சல் முந்தின ஆண்டினும் நன்றாயிற்று. வேளாண் குடியிற் பிறந்த தோழர் ஒருவர் இதனைக் கேட்டதும், விதைப்பு மூன்று மாதம் பிந்திய சம்பாவை ஒரு சொல்லை நம்பி உழுதவர் எத்தகையர் என்று வியந்தார். அவர்கள் பெயர் எவ்வாலயத்துக் கல்லிலும் இல்லை.

1787இல் துளஜா மன்னர் நோயுற்றார். மக்களை இழந்திருந்த அவர், தம் குடியிற் பிறந்த பத்து வயதுச் சிறுவன் சரபோஜியைத் தத்தெடுத்தார். பிள்ளையைக் காக்கும் பொறுப்பை ஐயரிடம் ஒப்புவிக்க முயன்றார். ஐயர் ஏற்கவில்லை. எப்போதோ ஒருமுறை வந்து காணும் தம்மால் அரண்மனைச் சூழ்ச்சிகளினின்று குழந்தையைக் காக்க இயலாதென்று சொல்லி, மன்னரின் தம்பி அமரசிங்கரிடம் ஒப்புவிக்குமாறு கூறினார். மன்னர் அவ்வாறே செய்து கண்மூடினார். ஐயரின் வாழ்க்கையில் இஃதொரு பெரும் பிழை என்று கருதுகின்றோம். அவரும் பின்னர் அதன் பயனைக் கண்ணாரக் கண்டார். தத்துச் செல்லாதென்று பண்டிதர் தீர்ப்புச் சொல்ல, அதனை ஏற்றுக் கும்பினியார் அமரசிங்கரையே அரசராக்கினர். சரபோஜி வெளிச்சங் குறைந்த இடத்தில் அடைபட்டு, எழுத்தறிவிப்பாரின்றி வளரலானான். முன்னர்ப் பொறுப்பேற்க மறுத்த ஐயர், இப்போது பொறுப்பின்றியே போராடினார். அரண்மனைக்குச் சென்றார், சென்னைக்கு எழுதினார், ஆசிரியரை அமர்த்தச் செய்தார், தாமும் கற்பித்தார். இறுதியில் 1793இற் சிறுவனும் விதவையரசிமாரும் சென்னைக்கு மாற்றப்பட்டனர். அங்கே கெரிக்கே ஐயர் கல்வியை மேற்பார்த்தார். பிற்காலத்திற் சரசுவதி மகால் நூல்நிலையத்தை வளர்த்த கை, அன்று ஏடு தொடாமற் போயிருக்கக் கூடிய கை.

இதே ஆண்டுகளில் ஐயர் செய்தவை பிறவும் பல. தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில், ரெஸிடெண்ட் சல்லிவனோடு கூடி, நாட்டுப் பிள்ளைகட்கு ஆங்கிலப் பள்ளிகள் நிறுவினார். பாளையங்கோட்டையில், தஞ்சை மராத்திய அந்தணர் குலத்துக் கைம்பெண்ணான குளோரிந்தா அம்மையார்க்கு 1778இல் ஞானஸ்நானம் அளித்தார். அவ்வம்மையார் எழுப்பிய சிற்றாலயத்தை 1785இற் பிரதிஷ்டை செய்தார். அவ்வூர்ச் சபைக்குச் சத்தியநாதன் என்னும் தமிழரைக் குருவாக்கி அனுப்பினார். அவ்வூரிலேயே பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்டு, தந்தையின் இசைவோடு தஞ்சைக்கு அழைத்துவந்து கற்பித்தார். அச்சிறுவனே பிற்காலத்துப் பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியார். தமிழ் மாணவராகிய எமக்கு இவ்வொன்றே போதும், ஐயர்க்குக் கடன்பட.

ஆயினும் ஒன்றை மறைத்தெழுத எம் மனம் இடந்தரவில்லை. ஐயர் காலத்துத் தஞ்சைச் சபையில் சாதிவேறுபாடு ஆலயத்துக்குள்ளும் இருந்தது. ஒரு சாரார் ஒருபுறமும் மற்றொரு சாரார் மறுபுறமுமாக அமர்ந்தனர். அதனை உலகியல் வழக்கென்று கருதிப் பையப்பைய நீங்குமென ஐயர் பொறுத்திருந்தார், வலிந்து அகற்றினாரல்லர். அது தானே நீங்கவில்லை. கல்கத்தா பிஷப்பாகிய டேனியல் வில்சன் 1833இல் அவ்வேறுபாடு ஒழிய வேண்டுமென்று கட்டளையிட்டபொழுது, தஞ்சையிற் பலர் சபையை விட்டே விலகினர். வேதநாயக சாஸ்திரியாரும் அக்கட்டளையை எதிர்த்தவரே. ஐயரின் பொறுமையை அவர் காலத்தின் குறையென்று கூறி நீங்குவார் உளர். ஏழாயிரம் உழவரை ஒரு சொல்லால் திருப்பிக் கொணர்ந்தவர்க்கு, ஓர் ஆலயத்தின் இருபுறத்தாரை ஒருபுறமாக்க ஒரு சொல் இருந்திருக்கும் என்றே யாம் எண்ணுகின்றோம். அவர் அச்சொல்லைச் சொல்லவில்லை. தூய பேதுரு ஆலயத்தில் யாம் அனைவரும் ஒரே வரிசையில் அமர்ந்திருந்தோம். அந்நாளாயின் எம்முள் எவர் எப்பக்கத்தில் இருந்திருப்பர் என்பது எழுவர்க்கும் தெரியும். அதைப்பற்றி ஒருவரும் பேசவில்லை. சிறிது நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் இல்லை.

1797இன் இறுதியில் ஐயர் நோயுற்றார். காலிற் புண், எழ இயலவில்லை. தஞ்சைக்கு வந்திருந்த சரபோஜி கட்டிலருகே வந்து ஆசி பெற்றார். பிளாக்ஸ்மனின் சிற்பம் அந்நிகழ்ச்சியை உள்ளத்திற்கொண்டது போலும். 1798 பெப்ரவரி 13ஆம் நாள் ஐயர் உயிர் நீத்தார். முடிவு நேரத்தில் அவர் மூச்சடங்கியதென்றெண்ணிக் கெரிக்கே ஐயர் அவர்க்கு உவந்த ஜெர்மானியக் கீர்த்தனையைப் பாடத் தொடங்க, இறந்தாரெனக் கருதப்பட்டவர் தாமும் குரலெடுத்துச் சேர்ந்து பாடினார் என்பது வழிவழி வந்த செய்தி. அடக்கத்திற்குச் சரபோஜி வந்து கண்ணீர் வடித்து உடலின்மீது பொன்னாடை போர்த்தினார். அழுகுரலின் மிகுதியாற் பாடல் பாட முடியவில்லையாம்.

நான்கு மாதங் கழித்து, அவ்வாண்டு ஜூன் 29ஆம் நாள், சரபோஜி அரியணையேறினார். ஐயர் இருந்து கண்டிருப்பின் மகிழ்ந்திருப்பார். அதற்கடுத்த ஆண்டு நிகழ்ந்ததைக் கண்டும் மகிழ்ந்திருப்பாரோ, அறியோம். 1799 அக்டோபரிற் செய்த உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் ஆட்சி முழுதும் கும்பினியார் கைக்குச் சென்றது. மன்னர்க்குக் கோட்டையும், வருவாயில் ஒரு பங்கும், பட்டமுமே எஞ்சின. நாட்டாட்சி இல்லாத மன்னர் நூலாட்சியை மேற்கொண்டார், சுவடி தொகுத்தார், அச்சுக்கூடம் நிறுவினார், மருத்துவம் ஆராய்ந்தார். ஐயரிடம் கற்ற ஆங்கிலத்தில், அவர் கல்லறைக்கென ஒரு செய்யுளும் யாத்தார். கும்பினியாரும் தம் பங்குக்கு, சென்னைக் கோட்டைக்குள் தூய மரியாள் ஆலயத்தில் சிற்பி ஜான் பேக்கனைக்கொண்டு ஐயர்க்குப் பெரியதொரு நினைவுச் சின்னம் அமைத்தனர். நெல்லுக்கு விலை கொடுக்கத் தவறியவர்கள் சலவைக்கல்லுக்கு விலை கொடுக்கத் தவறவில்லை.

எம் பயணத்தில் தஞ்சைக்கென ஒதுக்கிய கடைசி மாலையை, சரபோஜியின் செய்யுள் பொறித்த அக்கல்லறையருகே கழித்தோம். அரசர் ஒருவர், பட்டமும் அடைமொழியும் இன்றி, தம்மை வளர்த்தவரைத் தந்தையென விளித்துப் பாடியது அது. ஆங்கிலம் எளியது, யாப்பு சிறிது தட்டுத் தடுமாறுவது. அதனைத் தமிழில் வெண்பாவாக்க முயன்றோம். எழுவர் கூடியும் மூன்றாம் அடியில் தளை தட்டிற்று. இருட்டும்வரை மாற்றி மாற்றிப் பார்த்தும் தீரவில்லை. ஆலயத்தைப் பூட்ட வந்த பெரியவர் வாயிலில் நின்று, திருச்சிராப்பள்ளிக்குக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதை எமக்கு நினைவூட்டினார்.